பெரும்பசியும் மொழி இழப்பும்: அயர்லாந்துப் பஞ்சமும் அதன் எழுத்தும்

முன்னுரை

1841ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற கணக்கெடுப்பின்படி அயர்லாந்துத் தீவில் 8,175,124 பேர் வாழ்ந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின்னர் அத்தொகை 6,552,385 ஆகக் குறைந்தது. சரிவு அத்தோடு நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4.4 மில்லியன் மக்களே அத்தீவில் எஞ்சியிருந்தனர். அயர்லாந்துக் குடியரசிலும் வட அயர்லாந்திலும் 2021, 2022ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற கணக்கெடுப்புகளைக் கூட்டி நோக்கினாலும் மொத்தம் 7 மில்லியனைச் சற்றே தாண்டுகிறது. நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்தும் பழைய மக்கள்தொகையை அத்தீவு இன்னும் எட்டவில்லை.

இவ்விழப்புக்குத் தொடக்கமாக அமைந்தது 1845 முதல் 1852 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சமாகும். ஏறத்தாழ 1 மில்லியன் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அவ்வாண்டுகளிலேயே ஏறத்தாழ அதே அளவினர் கடல்கடந்து சென்றனர். மக்களோடு ஒரு மொழியும் பெருமளவில் மறைந்தது. எஞ்சியவர்கள் தம் துயரத்தை ஆண்டவரின் மொழியிலேயே எழுத நேர்ந்தது.

பஞ்சம் எவ்வாறு நேர்ந்தது, அதற்கு யார் பொறுப்பு என்று எவ்வாறு வாதிடப்பட்டது, அந்நிகழ்வு எழுத்தில் எப்போது எவ்வாறு இடம்பெற்றது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. காலனித்துவ ஆட்சிக்கு உட்பட்ட மக்களின் இலக்கியத்தைப் பயிலும் நமக்கு அயர்லாந்து தொலைவான நாடாகத் தோன்றலாம். எனினும், அங்கு நிவாரணத்தை இயக்கிய அதிகாரி ஒருவரே பின்னர்ச் சென்னை மாகாணத்தின் ஆளுநராகவும் அமர்ந்தார் என்பதால் அவ்வரலாறு நம் வரலாற்றையும் தொட்டுச் செல்கிறது.

நிலமும் சட்டமும்

அயர்லாந்தில் ஆங்கிலேயர் ஆட்சியின் வேர் 1169ஆம் ஆண்டு நார்மானியப் படையெடுப்பில் தொடங்குகிறது. ஆயினும், நிலம் பெருமளவில் கைமாறியது பதினேழாம் நூற்றாண்டிலேயாகும். 1609ஆம் ஆண்டு முதல் வடபகுதியான அல்ஸ்டரில் ஸ்காட்லாந்தியரும் ஆங்கிலேயரும் திட்டமிட்டுக் குடியேற்றப்பட்டனர். 1649இல் தொடங்கிய கிராம்வெல்லின் படையெடுப்பும் 1690இல் நிகழ்ந்த பாய்ன் ஆற்றுப் போரும் கத்தோலிக்கரிடம் எஞ்சியிருந்த நிலத்தைப் பெரும்பாலும் பறித்துவிட்டன.

இவற்றைத் தொடர்ந்து இயற்றப்பட்ட தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதையும் 31 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு எடுப்பதையும் தடுத்தன. கத்தோலிக்கர் ஒருவர் இறந்தால் அவருடைய நிலம் எல்லா ஆண்மக்களுக்கும் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட வேண்டும். மூத்த மகன் புரோட்டஸ்டண்டு சமயத்தைத் தழுவினால் மட்டும் நிலம் முழுவதும் அவனைச் சேரும். பெருநிலத்தைச் சிறுநிலமாக்கவும், குடும்பத்தின் உள்ளேயே பிளவை விதைக்கவும் இச்சட்டம் பயன்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மக்களுள் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர் கையில் இருந்த நிலம் மிகச் சிறு பகுதியே ஆகும்.

1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நடப்புக்கு வந்த இணைப்புச் சட்டம் டப்ளினில் இயங்கிய நாடாளுமன்றத்தைக் கலைத்து, அயர்லாந்தை இலண்டனின் நேரடி ஆட்சிக்குக் கீழ்க் கொண்டுவந்தது. சட்டத்தின் பார்வையில் அயர்லாந்து இப்போது ஒரு காலனி அன்று. பிரித்தானிய அரசின் ஒரு பகுதியாகும். பஞ்சத்தின்போது இந்த இணைப்பு எத்துணைப் பொருளுடையதாக இருந்தது என்பதே பின்னர் எழுந்த பெருவினாவாகும்.

உருளைக்கிழங்கும் உழவர் வாழ்வும்

நிலச்சுவான்தார்களுள் பலர் இங்கிலாந்திலேயே வாழ்ந்தனர். அவர்களிடமிருந்து இடைத்தரகர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சிறு துண்டுகளாகப் பிரித்து உழவர்க்கு விட்டனர். 1841ஆம் ஆண்டில் 1 ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்களுள் ஏறத்தாழ 45 விழுக்காடு 5 ஏக்கருக்கு உட்பட்டவையாக இருந்தன. உழவன் விளைவித்த கோதுமையும் ஓட்ஸும் வளர்த்த பன்றியும் குத்தகைப் பணத்துக்காகச் சந்தைக்குச் சென்றன. அவன் வயிற்றை நிரப்பியது உருளைக்கிழங்கே.

இக்கிழங்கு ஏழையின் பயிராக அமைந்ததற்குக் காரணம் உண்டு. வளமற்ற, ஈரமான சிறு நிலத்திலும் அது ஒரு குடும்பத்துக்குப் போதுமான விளைச்சலைத் தந்தது. உழைக்கும் ஆண் ஒருவன் நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ கிழங்கு உண்டான் என்பர். சிறிது மோருடன் சேர்ந்த அவ்வுணவு சலிப்பூட்டுவதாயினும் சத்துக் குறைந்ததன்று. ஏறத்தாழ 3 மில்லியன் மக்கள் வேறு உணவின்றி அதையே நம்பி வாழ்ந்தனர். அவர்கள் பெரிதும் பயிரிட்டது 'லம்பர்' என்னும் ஒரே வகைக் கிழங்காகும். விதைக்கிழங்கை நட்டே பயிரிடுவதால் ஒரு வயலின் செடிகள் யாவும் ஒரே மரபியல்பு உடையவை; ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும்.

பஞ்சத்தின் போக்கு

1845ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்' என்னும் நுண்ணுயிரியால் பரவும் கருகல் நோய் அயர்லாந்தில் காணப்பட்டது. பச்சை இலைகள் சில நாள்களில் கறுத்தன; தோண்டிய கிழங்கு அழுகி நாறியது. அவ்வாண்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது. 1846இல் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. 1847இல் நோய் குறைவாக இருந்தபோதிலும், விதைக்கிழங்கையும் உண்டுவிட்ட மக்களிடம் நடுவதற்கு ஒன்றும் இல்லை. 1848இல் நோய் மீண்டும் தாக்கியது.

முதல் ஆண்டில் பிரதமர் இராபர்ட் பீல் அமெரிக்காவிலிருந்து 100,000 பவுண்டு மதிப்புள்ள சோளத்தை மறைவாக வாங்கிச் சந்தையில் விலை ஏறாதவாறு விற்பித்தார். 1846 சூன் மாதத்தில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த ஜான் ரசல் அரசு தடையிலா வாணிகக் கொள்கையில் உறுதியாக நின்றது. அரசு உணவு வாணிகத்தில் தலையிடலாகாது. ஏழைகள் உழைத்துக் கூலி பெற்று உணவு வாங்க வேண்டும் என்பதே அக்கொள்கை. அதன்படி சாலைப் பணிகள் தொடங்கப்பெற்றன. 1847 மார்ச்சு மாதத்தில் 700,000க்கும் மேற்பட்டோர் அப்பணிகளில் கல்லுடைத்தனர். எங்கும் சென்று சேராத சாலைகள் மலைச்சரிவுகளில் பாதியில் நின்றன. கூலி உயரவில்லை; உணவு விலையோ பன்மடங்கு உயர்ந்தது. உடலில் வலுவற்றவர்க்கு அக்கூலியும் இல்லை.

இக்கொள்கையின் தோல்வி வெளிப்பட்டபின், 1847 கோடையில் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. சூலை மாதத்தில் நாளொன்றுக்கு 3 மில்லியனுக்கும் மேற்பட்டோர்க்கு உணவு வழங்கப்பட்டது. அரசு எண்ணினால் பசித்தவர்க்கு உணவு கொண்டுசேர்க்க அதனால் இயலும் என்பதற்கு இதுவே சான்றாகும். ஆயினும், சில மாதங்களிலேயே அத்தொட்டிகள் மூடப்பட்டன. பசி தீர்ந்ததனால் அவை மூடப்படவில்லை. அயர்லாந்தின் வறுமையை அயர்லாந்தின் சொத்தே தாங்க வேண்டும் என்று இலண்டன் முடிவு செய்ததே காரணம்.

அதன்பின் சுமை முழுவதும் ஏழையர் இல்லங்களின்மேல் விழுந்தது. 1838ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அவ்வில்லங்களில் கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டனர். 1847ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட கிரகரி விதி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்கு நிவாரணம் இல்லை என்றது. உழவன் நிலத்தைக் கைவிட்டுக் கஞ்சி பெறலாம். அன்றி நிலத்தோடு பட்டினி கிடக்கலாம். குத்தகையாளரை வெளியேற்றி நிலத்தை மேய்ச்சலுக்கு மாற்ற விரும்பிய நிலச்சுவான்தார்க்கு இவ்விதி பெருந்துணையாயிற்று. 1849 முதல் 1854 வரை ஏறத்தாழ 250,000 பேர் வீடுகளிலிருந்து நிலையாக வெளியேற்றப்பட்டதைக் காவல்துறைப் பதிவுகள் காட்டுகின்றன. 5 ஏக்கருக்கு உட்பட்ட நிலங்களின் பங்கு 1851இல் ஏறத்தாழ 15 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது.

வெளியேறியோர் கப்பலேறினர். நோயுற்றோரை நெருக்கி ஏற்றிச் சென்ற அக்கலங்களுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே பெயர் வழங்கிற்று. கனடாவின் கியூபெக் அருகிலுள்ள குரோஸ் தீவில் 1847ஆம் ஆண்டில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர்.

பொறுப்பு யாருடையது?

கருகல் நோயை எந்த அரசும் கொண்டுவரவில்லை. அந்நோய் பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியையும் தாக்கியது. ஆனால், அயர்லாந்தில் நேர்ந்த அளவில் சாவு வேறெங்கும் நேரவில்லை. எனவே, பயிரழிவு பஞ்சமாக மாறியது எவ்வாறு என்பதே கேட்கப்பட வேண்டிய வினாவாகிறது.

அக்காலத்திலேயே இதற்கு மூன்று விடைகள் எழுந்தன. முதல் விடை அதிகாரத்தினுடையது. 1840 முதல் 1859 வரை இலண்டன் கருவூலத்தின் துணைச் செயலாளராக இருந்து நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்திய சார்லஸ் டிரெவெல்யன், 1848ஆம் ஆண்டில் 'அயர்லாந்து நெருக்கடி' என்னும் நூலை வெளியிட்டார். பஞ்சத்தை இறைவனின் அருட்செயலாகவும், சோம்பலும் கிழங்கு வாழ்க்கையும் நிறைந்த ஒரு சமுதாயத்தைத் திருத்த வந்த மருந்தாகவும் அவர் கண்டார். மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதே பஞ்சம் முடிந்துவிட்டது என்னும் தொனியில் அந்நூல் அமைந்தது. அவ்வாண்டிலேயே அவர்க்கு வீரத்திருத்தகைப் பட்டமும் வழங்கப்பட்டது.

இரண்டாம் விடை தேசியவாதிகளுடையது. நாடு கடத்தப்பட்ட ஜான் மிட்செல் எழுதிய நூல்கள், நோய் இறைவனிடமிருந்து வந்திருக்கலாம், பஞ்சமோ ஆங்கிலேயர் கைவேலை என்னும் கருத்தை உலகெங்கும் பரவிய அயர்லாந்தியரிடையே நிலைநிறுத்தின. உணவேற்றிய கப்பல்கள் பட்டினி கிடந்த துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட காட்சி அவர் எழுத்தின் மையமாகும். அடிமைத்தளையைக் கண்டித்துத் தம் நாட்டுக்காகப் பேசிய இதே மிட்செல், அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் முறையை ஆதரித்து எழுதினார் என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. ஒடுக்கப்பட்டோர் தரப்பின் எழுத்து என்பதாலேயே அது எல்லா ஒடுக்குமுறைக்கும் எதிரானதாகிவிடாது.

மூன்றாம் விடை எளிய மக்களுடையது. வாட்டர்போர்டு மாவட்டத்தின் கடலோர ஊரில் வாழ்ந்த மாரி நீ ரோமா என்னும் பெண் பாடியதாக ஐரிஷ் மொழியில் ஒரு பாடல் வழங்கிவருகிறது. கறுத்த கிழங்குகளைப் பற்றிய அப்பாடல், ஏழைகளைக் குளிரிலும் இல்லங்களிலும் சாகவிடுவது இறைவன் வகுத்த செயலன்று என மறுக்கிறது. எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாத ஒரு சமுதாயத்தின் பாடல், கருவூல அதிகாரியின் இறையியலை அதன் தளத்திலேயே நின்று மறுத்திருப்பது நம் கருத்துக்குரியது.

பிற்கால வரலாற்றறிஞர் இவ்வழக்கை நுணுகி ஆராய்ந்துள்ளனர். 1962இல் வெளிவந்த செசில் உட்ஹம்-ஸ்மித்தின் 'பெரும்பசி' பொதுமக்கள் கவனத்தை ஈர்த்தது. கோர்மக் ஓ கிராடா போன்ற பொருளியல் வரலாற்றறிஞர், 1847இல் நாட்டுக்குள் வந்த தானியம் வெளியேறியதைவிட மிகுதி என்பதைக் காட்டினர். ஆயினும், 1846–47 குளிர்காலத்தில், இறக்குமதி வந்து சேர்வதற்கு முன்னர், ஏற்றுமதியைத் தடுத்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும் என்னும் வாதம் இன்றும் வலுவுடன் நிற்கிறது. செலவுக் கணக்கும் இங்குப் பொருளுடையது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடிமைகளின் உடைமையாளர்களுக்கு இழப்பீடாக 20 மில்லியன் பவுண்டு ஒதுக்கிய அரசு, பஞ்ச நிவாரணத்துக்குக் கருவூலத்திலிருந்து அளித்தது ஏறத்தாழ 8 மில்லியன் பவுண்டே. அதிலும் பெரும்பகுதி கடனாகவே தரப்பட்டது. மக்களைக் கொல்லும் திட்டம் ஒன்று இருந்தது எனப் பெரும்பாலான ஆய்வாளர் கொள்வதில்லை. ஆனால், காப்பாற்றும் ஆற்றல் இருந்தும் ஒரு கொள்கையின் பெயரால் அவ்வாற்றல் பயன்படுத்தப்படவில்லை என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்தின் ஒரு மாவட்டத்தில் இவ்வாறு நேர விட்டிருப்பார்களா என்னும் வினாவில்தான் இணைப்புச் சட்டத்தின் பொய்ம்மை வெளிப்படுகிறது.

அயர்லாந்தும் இந்தியாவும்

அயர்லாந்துக்கு வெளியிலிருந்து முதலில் வந்த உதவிகளுள் ஒன்று கல்கத்தாவில் திரட்டப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலிருந்த அயர்லாந்துச் சிப்பாய்களும் இந்தியச் செல்வர்களும் பங்களித்த அந்நிதி ஏறத்தாழ 14,000 பவுண்டு ஆகும்.

அதிகாரத்தின் வழியிலும் ஒரு தொடர்பு உண்டு. மெக்காலேயின் தங்கையை மணந்தவரும், இந்தியாவில் ஆங்கிலக் கல்வியைப் பரப்ப வேண்டும் என்று 1838இல் நூல் எழுதியவருமான டிரெவெல்யன், 1859இல் சென்னை மாகாண ஆளுநரானார். வருமானவரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தமையால் 1860இல் திரும்ப அழைக்கப்பட்டார். சென்னையில் மக்கள் பூங்காவை அமைத்தவர் என்னும் நற்பெயர் அவர்க்கு உண்டு. ஓர் ஊரில் பூங்கா அமைத்தவராகவும் மற்றோர் ஊரில் கஞ்சித்தொட்டியை மூடச் செய்தவராகவும் ஒரே மனிதர் நினைவுகூரப்படுவது காலனித்துவ ஆட்சியின் இயல்பை உணர்த்தும்.

அவர் பணியாற்றிய மாகாணத்தில் 1876–78இல் தாது வருடப் பஞ்சம் நேர்ந்தபோது, அதே கொள்கை மீண்டும் தலைதூக்கியது. 1877இல் அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். முப்பதாண்டு இடைவெளியில், இரு வேறு நாடுகளில், வாணிகத்தில் தலையிடாமையும் மலிவான நிவாரணமும் ஒரே சொற்களால் நியாயப்படுத்தப்பட்டன.

மொழியின் இழப்பு

பஞ்சத்துக்கு முன்னர் ஐரிஷ் மொழி பேசியோர் ஏறத்தாழ 4 மில்லியன் இருக்கலாம் என மதிப்பிடுவர். மொழி பற்றிய வினா முதன்முதலாக இடம்பெற்ற 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 1,524,286 ஆக இருந்தது. 1891இல் அது ஏறத்தாழ 680,000 ஆயிற்று.

இவ்வீழ்ச்சிக்குப் பஞ்சம் ஒன்றே காரணமன்று. நீதிமன்றம், சந்தை, அரசியல் மேடை ஆகியவற்றில் முன்னரே ஆங்கிலம் கோலோச்சியது. 1831இல் தொடங்கப்பெற்ற தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. ஆனால், பஞ்சத்தில் மாண்டவரும் கப்பலேறியவரும் மேற்கு, தெற்கு மாவட்டங்களின் ஏழைகளே. அவர்களே ஐரிஷ் மொழியின் உண்மைப் புகலிடம். எஞ்சிய பெற்றோர்க்கு அம்மொழி வறுமையின் அடையாளமாகவும், ஆங்கிலம் அமெரிக்கா செல்வதற்கான பயணச் சீட்டாகவும் தோன்றியது. பிள்ளையின் கழுத்தில் கோல் ஒன்றைக் கட்டி, அது ஐரிஷ் பேசும்போதெல்லாம் அக்கோலில் ஒரு வெட்டு இட்டு, வெட்டுகளை எண்ணித் தண்டிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அதைச் செய்தவர்கள் ஆசிரியர் மட்டும் அல்லர், பெற்றோரும் உடன்பட்டனர். பிள்ளை பிழைக்க வேண்டும் என்னும் அன்பே மொழியைக் கைவிடச் செய்தது என்பது இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதியாகும்.

1892இல் டக்ளஸ் ஹைட் ஆற்றிய உரையும், 1893இல் நிறுவப்பட்ட கேலிக் கழகமும் மீட்பு முயற்சியைத் தொடங்கின. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதல் ஆட்சிமொழியாக்கியது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1.8 மில்லியனுக்கும் மேற்பட்டோர் அம்மொழி தெரியும் என்றனர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே. ஒரு மொழியைப் பாடமாக மீட்பதற்கும் வீட்டு மொழியாக மீட்பதற்கும் இடையிலான தொலைவை இவ்விரு எண்கள் காட்டுகின்றன.

பஞ்சக் காலத்து எழுத்து

பசியும் ஆட்சியும் அயர்லாந்து எழுத்தில் இணைந்தமை பெரும்பஞ்சத்துக்கு முற்பட்டது. 1729இல் ஜோனதன் ஸ்விப்ட் எழுதிய 'ஓர் எளிய முன்மொழிவு', ஏழைகளின் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று பொருளியல் அறிஞரின் அமைதியான குரலில் கணக்கிட்டுக் காட்டுகிறது. கொள்கையின் மொழி மனிதரை எவ்வாறு சரக்காக்குகிறது என்பதை அவ்வங்கதம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்த்திவிட்டது.

வில்லியம் கார்ல்டனின் 'கரிய தீர்க்கதரிசி' 1847இல் நூலாக வெளிவந்தது. கதை முந்தைய பஞ்சம் ஒன்றைப் பற்றியதாயினும், ஆசிரியர் அதனைப் பிரதமர் ரசலுக்கே காணிக்கையாக்கினார். நாவலின் காணிக்கைப் பக்கத்தையே மனுவாக மாற்றிய செயல் அது. அதே ஆண்டு சனவரியில் 'தி நேஷன்' இதழில் 'ஸ்பெரான்சா' என்னும் புனைபெயரில் ஒரு கவிதை வெளியாயிற்று. எழுதியவர் பின்னாளில் ஆஸ்கர் வைல்டின் தாயான ஜேன். வினாவும் விடையுமாக அமைந்த அக்கவிதை, விளைந்த தானியம் அந்நியர்க்குச் செல்வதையும் மாண்டோர் இறைவன் முன் சாட்சியாக நிற்பதையும் பாடுகிறது. டிரெவெல்யன் துணைக்கு அழைத்த அதே இறைவனை இக்கவிஞர் நீதிபதியாக அழைக்கிறார்.

அயர்லாந்தில் அஞ்சல் துறை அலுவலராகப் பணியாற்றிய ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரொலோப், 'காசில் ரிச்மண்ட்' என்னும் நாவலில் (1860) பஞ்சத்தைப் பின்னணியாக்கினார். முன்னணியில் இருப்பது ஒரு செல்வக் குடும்பத்தின் சொத்துரிமைச் சிக்கல். பசித்தோர் வழியில் எதிர்ப்பட்டு மறைவர். பஞ்சத்தின் முடிவை நன்மையாகக் காணும் அப்பார்வை அரசின் பார்வையோடு ஒத்துச் செல்கிறது.

மௌனம்

இத்துணைப் பெரிய அழிவுக்கு அயர்லாந்தின் தலைசிறந்த எழுத்தில் இடம் ஏன் சிறிதாக உள்ளது என்னும் வினாவை டெரி ஈகிள்டன் 1995ஆம் ஆண்டு நூலில் எழுப்பினார். யேட்சின் 'கௌண்டஸ் காத்லீன்' நாடகம் (1892) பஞ்சத்தையே களமாகக் கொண்டது. ஆயினும் அது தொன்மக் காலத்துப் பஞ்சம். ஜாய்சின் 'யுலிசிஸ்' நாவலில் (1922) லியோபோல்ட் புளூம் தன் தாய் தந்த உலர்ந்த உருளைக்கிழங்கு ஒன்றைச் சட்டைப்பையில் சுமந்து திரிகிறான். பெரும்பஞ்சம் அந்நாவலில் ஒரு காப்புப் பொருளாகச் சுருங்கிக் கிடப்பதாக ஆய்வாளர் சிலர் கொள்வர்.

மௌனத்தின் மற்றொரு முகம் மொழியில் உள்ளது. ஜாய்சின் 'இளங்கலைஞனின் உருவப்படம்' நாவலில் (1916) மாணவன் ஸ்டீபன், ஆங்கிலேயரான கல்லூரித் தலைவரோடு புனல் ஒன்றின் பெயரைப் பற்றி உரையாடுகிறான். அவன் வழங்கும் சொல் அவருக்குத் தெரியவில்லை. தான் பேசும் மொழி முதலில் அவருடையது, தனக்கு அது எப்போதும் ஈட்டிய மொழியே என்னும் எண்ணம் அவனை வாட்டுகிறது. பின்னர், அச்சொல் பழைய நல்ல ஆங்கிலச் சொல்லே என அவன் அறிகிறான். இழந்த மொழியின் இடத்தில் வந்த மொழியைச் சொந்தக்காரரினும் நன்கு கற்றவனின் சினமும் பெருமிதமும் அச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன.

மக்கள் நினைவிலும் மௌனம் இருந்தது. 1935இல் நிறுவப்பட்ட அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம், 1945இல் நூற்றாண்டு நிறைவையொட்டிப் பஞ்ச நினைவுகளைத் திரட்டியது. தம் முன்னோர் ஊரில் துன்பம் குறைவு, அடுத்த ஊரிலேதான் மிகுதி என்று சொன்னவர் பலர். பிழைத்தவரின் வழித்தோன்றல்களுக்கு, எவ்வாறு பிழைத்தனர் என்னும் வினா இனியதன்று. ஐரிஷ் மொழியில் அக்காலத்தைப் 'பெரும்பசி' எனப் பொருள்படும் 'ஆன் கோர்த்தா மோர்' என்னும் தொடராலும், 'கெட்ட வாழ்வு' எனப் பொருள்படும் மற்றொரு தொடராலும் சுட்டுவர். பின்னது நிகழ்வைப் பெயரிட்டுச் சொல்லாமலே சொல்கிறது.

மீண்டெழுந்த குரல்கள்

நாடு விடுதலை பெற்ற பின்னரே பஞ்சம் இலக்கியத்தின் நடுவிடத்துக்கு வந்தது. லியாம் ஓ'பிளாகர்ட்டியின் 'பஞ்சம்' (1937) ஒரு பள்ளத்தாக்கின் கில்மார்ட்டின் குடும்பத்தைப் பின்தொடர்கிறது. பேட்ரிக் காவனாவின் 'பெரும்பசி' (1942) என்னும் நெடுங்கவிதை பசியைக் குறிப்பாக்கி, நிலத்தோடு கட்டுண்டு மணமின்றி முதுமையடையும் உழவனைக் காட்டுகிறது. பஞ்சத்துக்குப் பின் நிலத்தைப் பிரிக்க அஞ்சிய சமுதாயத்தில் காலந்தாழ்ந்த திருமணமும் மணமறுப்பும் பெருகின என்னும் வரலாற்றுண்மை அதன் பின்புலம். சீமஸ் ஹீனியின் முதல் தொகுதியில் (1966) இடம்பெற்ற ஒரு கவிதை, இன்றைய வயலில் கிழங்கு பொறுக்கக் குனியும் உழைப்பாளரிலிருந்து 1845க்குத் தாவுகிறது.

பிரையன் பிரீலின் 'மொழிபெயர்ப்புகள்' நாடகம் 1980இல் டெர்ரி நகரில் அரங்கேறியது. 1833ஆம் ஆண்டில் ஆங்கிலேய நிலஅளவைப் படையினர் ஐரிஷ் ஊர்ப்பெயர்களை ஆங்கில ஒலிக்கேற்ப மாற்றி வரைபடத்தில் பதிக்கும் நிகழ்வே அதன் கரு. வயலில் எழும் இனிய நாற்றம் கருகல் நோயின் அறிகுறியோ என்னும் அச்சம் பாத்திரங்களின் பேச்சில் வந்து போகிறது. பெயர் இழப்பும் பயிர் இழப்பும் ஒரே அரங்கில் நிற்கின்றன. நாடகம் முழுவதும் ஆங்கிலத்தில் உள்ளது. பாத்திரங்கள் ஐரிஷ் பேசுவதாகப் பார்வையாளர் கொள்ள வேண்டும். இழப்பின் அளவை இவ்வுத்தியே சொல்லிவிடுகிறது.

இறுதியாக ஒரு கதையின் பயணத்தை நோக்குவோம். 1839இல் கார்க் மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் பாடர் ஓ லேரி, 1915இல் ஐரிஷ் மொழியில் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அவர் சிறுவனாக இருந்தபோது அண்டையில் வாழ்ந்த ஒரு கணவனும் மனைவியும் இரு பிள்ளைகளுடன் மக்ரூம் நகரத்து ஏழையர் இல்லத்துக்குச் சென்றனர். அங்கு அவர்கள் பிரிக்கப்பட்டனர், பிள்ளைகள் இறந்தனர். பெற்றோர் இருவரும் தம் பழைய குடிசைக்கே நடந்து திரும்பினர். மறுநாள் இருவரும் இறந்து கிடந்தனர். மனைவியின் குளிர்ந்த பாதங்கள் கணவனின் மார்போடு அணைக்கப்பட்டிருந்தன. இக்காட்சியை ஈவன் போலண்ட் என்னும் பெண் கவிஞர் 2001இல் வெளிவந்த தொகுதியில் ஆங்கிலக் கவிதையாக்கினார். காதல் கவிதைகளின் வழக்கமான இனிமைக்கு அங்கு இடமில்லை எனக் கவிஞர் கருதினார். மண்ணில் சிந்திய ஐரிஷ் மொழிச் சான்று, ஆங்கிலம் வழியாக இன்று உலகெங்கும் வகுப்பறைகளை அடைந்துள்ளது.

முடிவுரை

1997இல் கார்க் மாவட்டத்தில் நடந்த நினைவுநாள் நிகழ்ச்சியில், பிரித்தானியப் பிரதமர் டோனி பிளேயரின் பெயரால் ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. அக்காலத்தில் இலண்டனில் ஆண்டவர்கள் தம் கடமையில் தவறினர் என்னும் பொருள்பட அது அமைந்தது. பிரதமரை நேரத்தில் தொடர்புகொள்ள இயலாமையால் உதவியாளர்களே அதனை எழுதினர் என்பது 2021இல் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருந்த ஒப்புதலிலும் கையொப்பமிட வேண்டியவர் இல்லை.

மேற்கண்டவற்றால் நாம் அறிவன சில. பயிரழிவு இயற்கையால் வரலாம். அதனைப் பஞ்சமாக்குவன நிலவுரிமையும் சட்டமும் கொள்கையும் ஆகும். பஞ்சத்தின் சாவுக் கணக்கில் மொழியும் சேர்க்கப்பட வேண்டும். பெருந்துயரம் நேர்ந்த உடனே அதன் இலக்கியம் பிறந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று தலைமுறைகள் மௌனம் காத்த பின்னரே அது வாய் திறக்கக்கூடும். அதுவரை அதனைக் காப்பவை நாட்டுப்பாடலும் முதியோர் பேச்சும் ஊர்ப்பெயருமே.

மார்கரெட் கெல்லெஹர் 1997இல் வெளியிட்ட நூல் அயர்லாந்துப் பஞ்ச எழுத்தையும் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்ச எழுத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. தாது வருடப் பஞ்சத்தைப் பற்றித் தமிழில் வழங்கும் கும்மிகளையும் சிந்துகளையும் வாய்மொழி வழக்காறுகளையும் அவ்வரிசையில் வைத்து நோக்கும் பணி நம் துறையினர்க்கு உரியது. முதியோர் பேச்சு நின்றுபோகும் முன்னர் அப்பணி தொடங்கப்பட வேண்டும்.